கடற்கரிக் கரையில் ஒரு கேமரா

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், நியூகாசில் நகருக்கு வடக்கே, லைன்மவுத் என்னும் சிற்றூர் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகவே எழுந்த ஊர் அது. நிலத்துக்கு அடியிலும், கடலின் அடித்தரைக்குக் கீழேயும் குடைந்து சென்று அங்கே நிலக்கரி வெட்டினார்கள். மேலே வந்த கரியோடு கல்லும் மண்ணும் கலந்திருந்தன. கரியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவைக் கடலோரத்தில் கொட்டிவந்தார்கள். அந்தக் கழிவிலும் கரித்துண்டுகள் மிஞ்சியிருந்தன. கல்லைவிடக் கரி எடை குறைந்தது. ஆகவே அலைகள் அதனைக் கல்லினின்றும் பிரித்து, கரையிலே கறுப்புப் பட்டைகளாகப் படிய வைத்தன. மனிதன் வேண்டாமென்று எறிந்ததைக் கடல் சலித்துத் திருப்பிக் கொடுத்தது.

அதனைப் பொறுக்கிப் பிழைக்கவும் மனிதர்கள் இருந்தார்கள். குதிரை வண்டியை அலைக்குள் இறக்கி, குளிர் எலும்பைத் துளைக்கும் வடகடலின் நீரில் நின்று, கரியை வாரி வண்டியில் ஏற்றினார்கள். வேலை இழந்தவர்கள் சிலர்; ஊர் ஊராய்ச் சுற்றித் திரியும் மரபில் வந்தவர்கள் சிலர். கடலை ஒட்டிய வெளியில் சக்கரங்கள் பூட்டிய கேரவன் வீடுகளை நிறுத்தி, குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார்கள். கடலில் கிடைப்பது ‘கடற்கரி’ எனப்பட்டது. அதனைப் பொறுக்குவோருக்கும் அதுவே பெயராயிற்று.

1976ஆம் ஆண்டு அந்தக் கரைக்கு ஓர் இளைஞர் கேமராவுடன் வந்தார். முப்பது வயதை எட்டும் பருவம். கண்ட காட்சி அவரை நிறுத்திவிட்டது. பின்னணியில் இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலை. முன்னால், எந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாத குதிரையும் வண்டியும். அவர் கேமராவை எடுத்தார். கரி வாரியவர்கள் அவரை விரட்டிவிட்டார்கள். மீண்டும் வந்தார், மீண்டும் விரட்டினார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர்களிலே வேலையில்லாதோர் உதவித்தொகை பெறுவோரும் இருந்தார்கள். கரி விற்றுச் சில காசு சேர்ப்பது அரசுக்குத் தெரிந்தால் அந்தத் தொகை நின்றுபோகும். கேமராவோடு வந்தவர் அலுவலகத்து ஒற்றர் என்று அவர்கள் ஐயுற்றார்கள். ஏழைக்குப் புகைப்படம் என்பது நினைவுப் பொருளாக மட்டும் வருவதில்லை. சில வேளைகளில் சாட்சியாகவும் வந்து நிற்கிறது.

விரட்டப்பட்டவர் பெயர் கிரிஸ் கில்லிப். அவர் 1946இல் மேன் தீவில் பிறந்தவர். தந்தை மதுச்சாலை நடத்தியவர். மகன் பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, ஹோட்டல் நிர்வாகம் பழகச் சென்றார். ஒருநாள், சைக்கிள் பந்தயச் செய்திகளுக்காகப் பிரெஞ்சு வார இதழ் ஒன்றைப் புரட்டியபோது, பந்தயத்தோடு தொடர்பே இல்லாத ஒரு படம் கண்ணில் பட்டது. பாரிஸ் தெருவொன்றில் ஒரு சிறுவன் இரண்டு பெரிய மதுப்புட்டிகளை அணைத்துக்கொண்டு பெருமிதத்தோடு நடந்துவருகிறான். ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் எடுத்த படம் அது. எதையும் விற்க முயலாத, எந்தச் செய்தியையும் சொல்லாத அந்தப் படம் கில்லிப்பின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1964இல் லண்டன் சென்று, விளம்பரப் படங்கள் எடுக்கும் அட்ரியன் ஃபிளவர்ஸிடம் உதவியாளரானார். 1969இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலே புகைப்படங்கள் ஓவியங்களுக்கு நிகராக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். விளம்பரத் தொழிலை அன்றோடு உதறி, பிறந்த தீவுக்குத் திரும்பினார். இரவில் தந்தையின் மதுச்சாலையில் வேலை. பகலில் உழவரையும் மீனவரையும் படமெடுத்தல். 1975இல் உதவி நிதியொன்று கிடைக்க, நியூகாசில் வந்து சேர்ந்தார்.

வந்த இடம் எத்தகையது? கப்பலும் கரியும் இரும்பும் வாழவைத்த நிலம் அது. அந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நலிந்துகொண்டிருந்தன. வால்சென்ட் என்னும் ஊரில் கப்பல் கட்டும் துறை வீதியின் முடிவிலேயே இருந்தது. 1975இல் கில்லிப் எடுத்த படமொன்றில், வரிசை வீடுகளுக்கு மேலே ‘டைன் பிரைடு’ என்னும் மாபெரும் எண்ணெய்க் கப்பல் மலைபோல் எழுந்து நிற்கிறது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே இடத்தில் நின்று மறுபடியும் படமெடுத்தார். கப்பல் போய்விட்டது, வீடுகளும் இடிந்து கிடந்தன. இரு படங்களையும் அருகருகே வைத்தால் விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. கப்பல் கடலுக்குப் போவது இயல்பு. வீதி எங்கே போயிற்று என்பதே அங்கே எழும் கேள்வி.

வறுமையைப் படமெடுக்க அந்த வட்டாரத்துக்கு முதலில் வந்தவர் கில்லிப் அல்லர். பக்கத்திலுள்ள ஜாரோ நகரில் கப்பல் துறை மூடப்பட்டு ஊரே வேலையற்று நின்றபோது, 1936 அக்டோபரில் 200 ஆடவர் வேலை கேட்டு லண்டன்வரை நடந்து சென்றார்கள். மறு ஆண்டு, 1937இல், பில் பிராண்ட் என்னும் பெரும் புகைப்படக் கலைஞர் அங்கே வந்தார். சைக்கிளின்மேல் கரி மூட்டையைச் சாய்த்துக் கட்டி, தலை கவிழ்ந்து, மேட்டுப் பாதையில் தள்ளிச் செல்லும் ஒரு மனிதரைப் படமெடுத்தார். ‘கரி தேடியவர் ஜாரோவுக்குத் திரும்புகிறார்’ என்பது அதன் தலைப்பு. இருபதாம் நூற்றாண்டின் சிறந்த படங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் தலைப்பிலே அந்த மனிதரின் தொழில் உண்டு, ஊர் உண்டு, பெயர் இல்லை. பிராண்ட் வந்தார், கண்டார், சென்றார். அவர் கண்டது பொய்யன்று. எனினும் அந்த மேட்டுக்கு அப்பால் அம்மனிதர் எந்த வீட்டுக் கதவைத் திறந்தார், உள்ளே யார் காத்திருந்தார்கள் என்பதை அந்தப் படத்தால் சொல்ல இயலாது.

அதே ஜாரோவில் 1976இல் கில்லிப் ஓர் இளைஞனைப் படமெடுத்தார். மதிற்சுவர்மேல் முழங்கால்களை மடக்கி, கனத்த காலணிகளோடு, தன்னைத் தானே ஒரு முடிச்சாக இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறான் அவன். கண்கள் இறுக மூடியிருக்கின்றன. வேலைகேட்டு நடந்த 200 பேருக்கு நாற்பது ஆண்டு பின்னால் பிறந்த வரலாறு அந்த உடம்பில் குறுகிக் கிடக்கிறது என்று பார்ப்பவர் உணர்வர். ஆனால் இந்தப் படத்துக்கும் பழைய குறை உண்டு. எடுத்தவர் வழிப்போக்கரே. கில்லிப்பிடம் திறமை இருந்தது, அனுதாபமும் இருந்தது. இவ்விரண்டும் போதா என்பதை லைன்மவுத் கரையில் விரட்டியவர்களே அவருக்குக் கற்பித்தார்கள் எனலாம்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. இடையிடையே சென்று பார்ப்பதும் ஏமாந்து திரும்புவதுமாக இருந்தார். 1982இல் கடற்கரிக்காரர்கள் கூடும் மதுச்சாலைக்குள் துணிந்து சென்று, தாம் செய்ய விரும்புவதை எடுத்துச் சொன்னார். யாரும் இணங்கவில்லை. அப்போது அங்கிருந்த ஒருவர் அவர் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். ஆப்பிள்பி என்னும் ஊரில் ஆண்டுதோறும் கூடும் குதிரைச் சந்தையில் இருவரும் முன்பு சந்தித்திருந்தார்கள். ஆறு ஆண்டு விளக்கவுரைகளால் திறவாத கதவை ஒரு பழைய அறிமுகம் திறந்தது. ஒற்றர் என்று நினைத்த மனிதர் தங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்தவராகிவிட்டார். கிராமத்து நியாயம் எங்கும் ஒன்றுதான்.

அனுமதி கிடைத்தபின்னும் அவர் காலையில் வந்து மாலையில் திரும்பும் வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு கேரவன் வாங்கி, 1983இலும் 1984இலும் அந்தக் குடியிருப்பிலேயே தங்கினார். அவருடைய கேமரா சட்டைப்பைக்குள் ஒளித்து வைக்கும் சிறு கருவியன்று. நான்குக்கு ஐந்து அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெரிய கருவி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளை மாற்ற வேண்டும். அத்தகைய கருவியோடு யாரும் களவாகப் படமெடுக்க முடியாது. எதிரில் இருப்பவர் அறிந்தே அது எடுக்கப்படுகிறது. விரைவில்லாத அந்தக் கருவி அங்கே ஒரு நாகரிகமாகவே விளங்கியது.

அந்த நாள்களின் படங்களில் குளிர் உண்டு, சேறு உண்டு, புகை உண்டு. ஆயினும் அவற்றோடு நின்றுவிடவில்லை. வண்டியில் குழந்தையோடு வீடு திரும்பும் தந்தை இருக்கிறார். மணலில் வளையத்தை இடுப்பில் சுழற்றி விளையாடும் சிறுமி இருக்கிறாள். அவளைச் சுற்றிலும் பாழ்வெளி, அவள் முகத்திலோ விளையாட்டு ஒன்றே. ஒருநாள் வந்து போகிறவரின் கண்ணுக்குப் பாழ்வெளிதான் படும். வளையத்தைக் காண்பதற்கு அங்கே குடியிருக்க வேண்டும். இப்படங்கள் பலவற்றின் தலைப்புகளில் அங்கிருந்தோரின் பெயர்கள் இருக்கின்றன. ‘கரி பொறுக்கும் சிறுமி’ என்று எழுதுவதற்கும் அவளைப் பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள தூரம், காத்திருப்பில் கழிந்த அந்த ஆறு ஆண்டுத் தூரமேயாகும்.

அக்காலத்தே அந்த வட்டாரத்தில் இவ்வாறு உழைத்தவர் கில்லிப் ஒருவரே அல்லர். பின்லாந்தில் பிறந்த சிர்க்கா லீசா கோன்ட்டினென் என்னும் பெண்மணி, 1969இல் நியூகாசிலின் பைக்கர் பகுதியில் குடியேறினார். பழைய தொழிலாளர் வீதிகள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த பகுதி அது. தம் சொந்த வீடும் இடிபடும்வரை அண்டை வீட்டாரோடு வாழ்ந்து படமெடுத்தார். அவருடைய ‘பைக்கர்’ நூல் 1983இல் வெளிவந்தது. அவர் சார்ந்திருந்த ஆம்பர் கலைக்குழு 1977இல் நியூகாசிலில் ‘சைடு’ என்னும் புகைப்படக் கூடத்தைத் திறந்தது. கில்லிப்பும் அதன் தொடக்ககால முன்னோடிகளுள் ஒருவர். உழைப்பாளர் வாழ்க்கையை அந்த உழைப்பாளர் வாழும் ஊரிலேயே காட்சிக்கு வைத்தது அந்தக் கூடத்தின் சிறப்பு.

1988இல் கில்லிப்பின் ஐம்பது படங்கள் ‘இன் ஃபிளக்ராந்தே’ என்னும் நூலாக வெளிவந்தன. இலத்தீன் சட்டத்தொடர் ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது. ‘கையும் களவுமாக’ என்று தமிழில் சொல்லலாம். அகப்பட்டது யார்? குளிரில் கரி வாரியவர்களா? அவர்களை அந்த நிலைக்கு விட்ட காலமா? அல்லது பிறர் துன்பத்தைக் கலையாக்கிய புகைப்படக்காரரா? கில்லிப் மூன்றாவது விடையையும் ஒதுக்கவில்லை. அந்தப் படங்கள் தாம் காட்டும் பொருளைவிடத் தம்மைப் பற்றியே மிகுதியாகச் சொல்லக்கூடும் என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொண்டார். மார்கரெட் தாட்சரின் ஆட்சிக்கு எதிரான ஆவணம் என்று பலர் அந்நூலைப் போற்றினார்கள். ஆனால் படங்கள் எடுக்கப்பட்ட ஆண்டுகளில் ஹீத், வில்சன், கேலகன், தாட்சர் என நான்கு பிரதமர்கள் ஆண்டார்கள். சரிவு ஒரே ஆட்சியில் தொடங்கியதன்று. பழியை ஒருவர் தலையில் இறக்கி மற்றவர்கள் தப்புவதற்கு அந்தப் படங்கள் இடம் தருவதில்லை.

அடுத்த ஆண்டே அந்நூலுக்குக் கார்ட்டியே பிரெஸ்ஸான் பெயரிலான விருது கிடைத்தது. 1991 முதல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி. 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி. கரி வாரியவரின் படம் பளிங்குச் சுவரில் ஏறியபோது கரி வாரியவருக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியை நாகரிகம் கருதி மறைப்பது நேர்மையாகாது. 1984 மார்ச்சில், 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரை வேலையிலிருந்து நீக்கும் திட்டத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஓராண்டு பட்டினி கிடந்து, 1985 மார்ச்சில் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினார்கள். லைன்மவுத்தை அடுத்த எல்லிங்டன் சுரங்கம் 2005இல் மூடப்பட்டது. பின்னணியில் நின்ற அலுமினிய உருக்காலை 2012இல் மூடப்பட்டது. 2015 டிசம்பரில் பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமும் ஓய்ந்தது. எந்தப் படமும் ஒரு சுரங்கத்தைக்கூடத் திறந்து வைக்கவில்லை.

அப்படியானால் படத்தால் ஆவது என்ன? அதற்கு விடை தெற்கே, ஸ்கின்னிங்குரோவ் என்னும் மீனவர் ஊரில் இருக்கிறது. அந்நியரை எளிதில் ஏற்காத அவ்வூரிலும் கில்லிப் பல ஆண்டுகள் பழகி, 1980களின் முற்பகுதியில் இளம் மீனவர்களைப் படமெடுத்தார். 1986இல் அவர்களுள் இருவர் கடலில் மூழ்கி இறந்தார்கள். ஒருவனுடைய தாய்க்கு, அவன் இடம்பெற்ற படங்களையெல்லாம் தொகுத்து ஓர் ஆல்பமாகக் கில்லிப் கொடுத்தார். அவ்வூர்ப் படங்களுள் மிகச் சிலவற்றையே அவர் நூலில் சேர்த்தார். பெரும்பாலானவற்றை முப்பதாண்டுக்கும் மேலாக வெளியிடாமல் வைத்திருந்தார். பின்னர் 2018இல் அவை வெளிவந்தபோதும் உயர்ந்த தாளில் வரவில்லை. செய்தித்தாள் வடிவில், எளிய அச்சில் வந்தன. வால்சென்ட் கப்பல்துறைப் படங்களையோ, அந்த மக்கள் சென்று காணும்படி நியூகாசிலின் லேயிங் கலைக்கூடத்துக்கு அன்பளிப்பாக அளித்தார்.

கெட்டி அருங்காட்சியகத்தில் தொங்கிய படமும் அந்தத் தாயின் மடியில் இருந்த படமும் ஒரே கேமரா எடுத்தவை. முன்னதைக் காண்பவர் ஒரு காலத்தின் சரிவைக் காண்கிறார். பின்னதைக் காண்பவள் தன் மகனைக் காண்கிறாள். முன்னது எத்துணை உயர்ந்ததாயினும், பின்னதற்கும் தகுதியாக இருந்தால்தான் அதனை எடுத்தவருக்கு எடுக்கும் உரிமை இருந்தது என்று கொள்ளலாம். விளிம்பில் வாழ்வோரைப் படமெடுக்கும் கலைக்கு இதனினும் கடுமையான உரைகல் வேறில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு இந்த உரைகல் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் புகழ்பெற்றிருந்த ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம், இங்கு வாழ்ந்த இனத்தவரையெல்லாம் வகை வகையாகப் படமெடுத்து விற்றது. தமிழரும் அவற்றில் இருக்கிறார்கள். துலக்கமான படங்கள், மூக்குத்தியின் ஒளியும் தெரியும், முகத்தின் சுருக்கமும் தெரியும். கீழே ‘கிளிங்’ என்றோ ‘தமிழ்ப் பெண்’ என்றோ எழுதியிருக்கும். பெயர் இருக்காது. கடல் கடந்து வந்து உழைத்த ஒரு தாயை அவள் பேரப்பிள்ளைகள் இன்று அப்படங்களில் தேடினாலும் கண்டுகொள்ள வழியில்லை.

பின்னர் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டன. வேலை போனதோடு, அந்த வேலையோடு ஒட்டியிருந்த லயத்து வீடும் போயிற்று. வால்சென்டில் கப்பலோடு வீதி போனதைப் போன்றதே இதுவும். லயங்கள் இருந்த இடத்தில் இன்று நிற்பவருக்கு, கோயிலையும் ஒரு மாமரத்தையும் தவிர வேறு அடையாளம் கிடைப்பது அரிது. அங்கே பால் மரம் வெட்டிய முதியவர் பலருக்கு, அடையாள அட்டைக்காக எடுத்ததும் மகள் திருமணத்தில் எடுத்ததும் தவிர வேறு படம் இருப்பதில்லை. இன்னமும் சில லயங்களில் விளக்கு எரிகிறது. கையில் கருவியில்லாத இளைஞரே இல்லாத இக்காலத்தில் அவற்றைப் படமெடுக்க ஆள் பஞ்சமில்லை. உடைந்த கூரையை ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட முடிகிறது. அந்த வீட்டுப் பாட்டியின் பெயரைக் கேட்டறிவதற்குத்தான் நேரம் இருப்பதில்லை.

கில்லிப் 2020 அக்டோபர் 13ஆம் நாள் மறைந்தார். அவர் தொடங்கிவைத்தவர்களுள் ஒருவராயிருந்த ‘சைடு’ கூடமும் நிதியின்றி 2023இல் கதவடைத்தது. லைன்மவுத் கரையில் இப்போது குதிரை வண்டிகள் இல்லை. வளையம் சுழற்றிய சிறுமியின் படத்தின்கீழ் அவள் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. தோட்டத்து லயத்துக்குக் கேமராவோடு செல்லும் இளைஞர், திண்ணையில் அமர்ந்து, பாட்டி தரும் தேநீரை முதலில் குடித்து முடிக்கட்டும். படத்தை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்ததை ஒரு பிரதி போட்டு, அதற்கும் அடுத்த முறை கொண்டுவந்து கொடுக்கலாம்.